மின்சாரமும் பொழுதும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்கள் தம் நிலத்தைச் சூரியனைக் கொண்டே பிரித்துப் பெயரிட்டனர். கடலை அண்டி, ஞாயிறு எழும் திசையில் நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் வயலும் குளமும் காடுமாய் விரியும் நிலம் படுவான்கரை. கந்தசுவாமி கோயிலாலும் நெல்வயல்களாலும் பெயர்பெற்ற மண்டூர், படுவான்கரையைச் சேர்ந்த ஊர். திசையையும் வாழ்வையும் சூரியனைக் கொண்டு அளந்த இம்மக்களின் வழித்தோன்றல்கள், இன்று சூரியனைக் கொண்டே விளக்கேற்றவும் கற்றுள்ளனர். வீடுகளிலும் கடைகளிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் கூரைகளின் மேல் கருநீலத் தகடுகள் வெயில் காய்கின்றன.

ஆனால் அத்தகடுகள் ஆக்கும் மின்சாரத்துக்கும், அவற்றின் கீழே வாழும் குடும்பம் வேண்டும் மின்சாரத்துக்கும் இடையே ஒரு பிணக்கு உண்டு. தகடு நண்பகலில் உழைக்கிறது. குடும்பமோ மாலையில் கேட்கிறது. நமது தீவு நிலநடுக்கோட்டை அண்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. நாட்டின் மின்சாரத் தேவை உச்சத்தை எட்டுவதோ மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஒருவர் எழுந்து சென்ற பின்னரே மற்றவர் வந்து அமரும் பந்தி போல, சூரியன் சென்ற பின்னரே தேவை வந்து சேர்கிறது.

இதனைப் பொறியியலாளரின் கணக்கென்று ஒதுக்கிவிடுவோர் பலர். நம் கருத்து வேறு. இந்நாட்டு மக்கள் எப்பொழுது மின்சாரம் வேண்டுகின்றனர், ஏன் அப்பொழுது வேண்டுகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை, இந்நாட்டின் சமுதாய வரலாற்றிலேயே பொதிந்துள்ளது. அவ்வரலாற்றை அறியாமல் தகடுகளை எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

தமிழ் இலக்கண நூலார் அகப்பொருளுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர். தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் அவற்றின் பின் வரும் கருப்பொருள்களே. மின்சாரத்தின் இலக்கணமும் இதுவேயாகும். நெல்லைக் களஞ்சியத்தில் இட்டு அடுத்த போகம் வரை காக்கலாம். மின்சாரத்தை, வேறொரு வடிவுக்கு மாற்றினாலன்றி, அவ்வாறு காக்க இயலாது. ஆக்கிய கணத்திலேயே அது நுகரப்பட வேண்டும். ஆக்கமும் நுகர்வும் சமனாக இருக்கும் வரை நம் மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது சுற்று என்னும் தாளத்தில் இயங்கும். ஆக்கம் மிகுந்தால் தாளம் விரையும். தேவை மிகுந்தால் தளரும். எல்லை மீறினால் மின்னிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாய் விலகிக்கொள்ளும். நாடு இருளில் ஆழும். ஆகவே, எத்தனை அலகு என்பது மட்டுமன்று, எந்தப் பொழுதின் அலகு என்பதும் மின்சாரத்தில் முதன்மையான கேள்வியாகும்.

இந்தத் தீவில் மின்சாரம் யாருடைய பொழுதுக்காக வந்தது? 1895இல் பூஸ்டெட் சகோதரர் என்னும் வணிக நிறுவனம் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. பிறிஸ்டல் ஹோட்டலின் பில்லியாட் கூடம் முதலில் மின்னொளி பெற்ற இடங்களுள் ஒன்று. மின்சாரம் இங்கே உற்பத்திக் கருவியாக வரவில்லை. ஆள்வோரின் மாலைப்பொழுதுக்கு அணிகலனாகவே வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் வேண்டியவை கூலியாட்களின் முதுகும் கையுமே. அவை மலிவாகக் கிடைக்கும்போது உள்நாட்டில் தொழிற்சாலை எழுப்பும் தேவை குடியேற்ற ஆட்சிக்கு இருக்கவில்லை.

அந்நாளில் பகலில் மின்சாரம் உண்ட பெரும் வாய் கொழும்பின் டிராம் வண்டியே. அந்த டிராம் தொழிலாளர் 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தமும், மருதானையில் பொலிசார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகமும் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் மறக்கவொண்ணாதவை. பின்னர் டிராமுக்கு மாற்றாக 1953இல் மின்கம்பியில் ஓடும் டிரொலி பஸ் வந்தது. டிராம் 1960இலும் டிரொலி பஸ் 1964இலும் கொழும்பு வீதிகளை விட்டு மறைந்தன. நாட்டின் போக்குவரத்து முழுவதும் இறக்குமதி எண்ணெயின் கைக்குள் சென்றது.

இதற்கு மாறான பாதையைக் கண்ட மனிதர் ஒருவர் இருந்தார். டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். மலைநாட்டு ஆறுகள் வீணே கடலுக்கு ஓடுகின்றன. அவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெற்று, தொழில்களையும் புகைவண்டிகளையும் இயக்கலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். விளக்கெரிக்கும் மின்சாரத்தையன்று, நாட்டை உழைக்கச் செய்யும் மின்சாரத்தையே அவர் கருதினார். குடியேற்ற அரசாங்கம் அதனை ஆர்வத்துடன் ஏற்கவில்லை. 1920களில் தொடங்கிய லக்சபான வேலை இடையில் நின்றது. அதன் முதற் கட்டம் மின்சாரம் தந்தது 1950இல். அவர் காலமானது 1953இல். ஒரு நற்கருத்து செயலாவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. அவர் கண்ட மின் புகைவண்டியோ இன்று வரை ஓடவில்லை.

சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் அரசாங்கம் தானே தொழிற்சாலைகளை நிறுவ முற்பட்டது. காங்கேசன்துறையில் சீமெந்து, வாழைச்சேனையில் காகிதம், கிங்குராணையில் சீனி என்று சில எழுந்தன. 1956இல் உற்பத்தி தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை மட்டக்களப்பு மாவட்டத்து உழைப்பாளருக்குப் பகல் வேலை தந்த ஆலை. கிழக்கில் இத்தகைய ஆலைகள் பெருகியிருந்தால், நமது மின்சாரத் தேவையின் உருவே வேறாக அமைந்திருக்கும். ஆனால் 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரமும், அதனைத் தொடர்ந்த போரும் அரச ஆலைகளை நலிவித்தன. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின என்பது உண்மையே. ஆயின் அவை பெரும்பாலும் மேற்குக் கரையையும் ஏற்றுமதி வலயங்களையும் சூழ்ந்தே பெருகின.

மண்டூர் மக்கள் அறிய வேண்டிய மற்றோர் எடுத்துக்காட்டு கல்லோயா. 1949இல் தொடங்கிய அத்திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அத்திட்டத்தின் குடியேற்றம் இன உறவுகளில் ஏற்படுத்திய காயத்தையும், 1956 யூனில் அங்கு சிந்திய இரத்தத்தையும் மறைத்து அதன் வரலாற்றை எழுத முடியாது. அதே வேளை, அந்த அணையின் மின்னிலையம் இயங்கும் முறையில் ஒரு பாடமும் உண்டு. வயலுக்கு நீர் திறக்கும்போதே அங்கு மின்சாரமும் பிறக்கிறது. போகத்தின் தேவையே நீரின் பொழுதைத் தீர்மானிக்கிறது. நீரின் பொழுது மின்சாரத்தின் பொழுதைத் தீர்மானிக்கிறது. இயற்கையின் காலமும் உழைப்பின் காலமும் இணங்கிச் செல்லுதல் நடவாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று.

பொதுவாக நீர்மின்சாரத்துக்கு ஒரு பெருங்குணம் உண்டு. நீரை நண்பகலில் அணைக்குள் நிறுத்தி, மாலையில் திறந்துவிடலாம். எனவே லக்சபானவும் பின்னர் மகாவலியும் நாட்டின் மாலை விளக்குகளை இலகுவாகத் தாங்கின. விளக்கை மையமாகக் கொண்ட தேவையின் குறை அந்நாளில் வெளித்தெரியவில்லை. 1996இன் வறட்சியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, நீரை மட்டும் நம்பியிருந்த காலம் முடிந்தது. எண்ணெய் நிலையங்கள் பெருகின. அதன் பின்னர் 2011க்கும் 2014க்கும் இடையில் நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலன் நினைத்தவுடன் அணைத்து, நினைத்தவுடன் மூட்டக்கூடிய அடுப்பன்று. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அதனைத் தாழ்த்துதல் கடினம். இச்செய்தியை வாசகர் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்; நண்பகற் சூரியனோடு மோதப்போவது இதுவே.

படுவான்கரையில் மின்சாரத்தின் வரலாறு தாமதத்தின் வரலாறாகும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மாவட்டத்தின் தென்னைகளோடு மின்கம்பங்களையும் வீழ்த்தியது. பின்னர் வந்த போரில், 2007 வரை, இக்கரையின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்காக அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. குப்பி விளக்கின் புகையில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அத்தகைய வீட்டில் மின்சாரம் நுழையும்போது முதலில் கேட்கப்படுவது விளக்கு, அடுத்தது மின்விசிறி, அதன் பின்னர் தொலைக்காட்சி. மூன்றும் மாலைக்குரியன. ஏழை வீடு மாலையில் மின்சாரம் கேட்பது அறியாமையால் அன்று. பகலில் அவ்வீட்டார் வயலில், வாவியில், பிறருடைய வேலைத்தலங்களில் இருக்கின்றனர். உழைப்பு வெளியிலும் ஓய்வு வீட்டிலும் என அமைந்த வாழ்க்கையே அத்தேவையின் உருவத்தை வரைந்தது.

இங்கு நகைமுரண் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். இலங்கையில் சூரிய மின்சாரத்தை வீட்டில் முதலில் பெருவாரியாகப் பயன்படுத்தியவர் பணம்படைத்தோர் அல்லர். மின்கம்பி எட்டாத கிராமத்தாரே. 1990களின் இறுதியிலிருந்து உலக வங்கியின் உதவியோடு நடந்த திட்டங்களின் கீழ், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமிய வீடுகள் கடனுக்குச் சிறு தகடும் ஒரு பற்றறியும் சில விளக்குகளும் பெற்றன. பகலில் பற்றறி நிறையும், இரவில் விளக்கெரியும். ஆக்கத்தின் பொழுதையும் தேவையின் பொழுதையும் அச்சிறு பற்றறி இணைத்து வைத்தது. கம்பி வந்து சேர்ந்ததும் அத்தகடுகள் கைவிடப்பட்டன. சில ஆண்டுகளில் சூரிய மின்சாரம் மீண்டும் வந்தது. இம்முறை பெரிய வீடுகளின் கூரைமேல், பற்றறி இல்லாமல் வந்தது.

2010இல் இலங்கையில் நிகர மானி முறை அறிமுகமாயிற்று. கூரை தரும் அலகை வலையமைப்பு ஏற்றுக்கொள்ளும். வீடு வேண்டும்போது அலகுக்கு அலகு திருப்பித் தரும். நண்பகல் அலகும் மாலை அலகும் ஒன்றே என்பது அதன் கணக்கு. 2016 செப்ரெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் பெயரில் அது பெருந்திட்டமாக விரிந்தது. மிகுதி மின்சாரத்தை அரசாங்கம் அலகுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் 15 ரூபா 50 சதமும் கொடுத்து வாங்கும் என்றது. 2020க்குள் 200 மெகாவாற்று, 2025க்குள் 1,000 மெகாவாற்று என்பன இலக்குகள். இலக்கு எட்டப்பட்டது மட்டுமன்றிக் கடக்கவும் பட்டது. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் தவிக்கும் நாட்டில் இது சிறிய சாதனையன்று. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அவ்வொப்பந்தங்களில் அலகின் விலை எழுதப்பட்டது, பொழுது எழுதப்படவில்லை.

இதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? உறுதியான கூரையும் வங்கிக்கடன் பெறும் தகுதியும் உடையவர் நண்பகல் அலகை விற்று மாலை அலகின் சுமையைத் தீர்த்துக்கொண்டார். கிடுகு வேய்ந்தவருக்கும் வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் அவ்வழி திறக்கவில்லை. மாலையில் எல்லோருக்குமாக எண்ணெய் நிலையத்தை மூட்டுவதற்கான செலவு எல்லோருடைய கட்டணத்திலும் பகிரப்பட்டது. 2022இன் நெருக்கடி இதனை வெளிச்சமிட்டுக் காட்டியது. மிகக் குறைவாக, மாதம் முப்பது அலகுக்குள் பயன்படுத்தும் வீடு, அலகுக்கு 2 ரூபா 50 சதம் கொடுத்துவந்தது. 2022 ஓகஸ்டில் அது 8 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் 30 ரூபாவாயிற்று. நிலையான கட்டணமோ மாதம் 30 ரூபாவிலிருந்து 120 ஆகி, பின் 400 ரூபாவானது. அதே காலத்தில் புதிய கூரைகளுக்கு வழங்கும் விலை அலகுக்கு 37 ரூபா வரை உயர்த்தப்பட்டது. பின்னர் இரண்டும் குறைக்கப்பட்டன எனினும், அந்த மாதங்களில் விளக்கை அணைத்துவிட்டு உறங்கியவர்கள் அதனை மறக்க மாட்டார்கள்.

அந்நெருக்கடி மற்றோர் உண்மையையும் கற்பித்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, கூரையில் தகடு வைத்தவர்களும் இருளிலேயே இருந்தனர். வலையமைப்பில் மின்சாரம் இல்லாதபோது, கம்பியில் வேலை செய்யும் தொழிலாளரின் உயிரைக் காக்கும் பொருட்டு, பற்றறியற்ற கூரைத் தொகுதி தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. உச்சி வெயில் தகட்டில் வீழ்ந்துகொண்டிருக்க, அதன் கீழே விசிறி அசையாமல் நின்றது. தனிக் கூரை தனித்து வாழ இயலாது. அது பொது வலையமைப்பின் உறுப்பே என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கடந்த வேளையில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணை மின்னிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என அமைச்சர் கூறினார். குரங்கைப் பற்றிய கேலி உலகெங்கும் பரவியது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சிலரே கேட்டனர். விடுமுறை நாளின் முற்பகலில் ஆலைகள் ஓய்ந்து தேவை தாழ்ந்திருந்தது. வெயிலோ முழுமையாக இருந்தது. கனத்த சுழலிகளின் பங்கு குறைந்து, சுழலி இல்லாத சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்த வலையமைப்பு, ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்பது மின்சார சபை பின்னர் தந்த விளக்கம். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன; அவற்றை மீண்டும் முழுமையாக இயக்கும் வரை அடுத்த நாட்களில் மின்வெட்டு நீடித்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைத் தொகுதிகளைப் பிற்பகல் மூன்று மணி வரை அணைத்து வைக்குமாறு உரிமையாளரிடம் சபை வேண்டுகோள் விடுத்தது.

எண்ணிப் பாருங்கள். விலையில்லாமல் வரும் வெயிலை வேண்டாமென்று மறுத்துவிட்டு, அதே நாள் மாலையில் விலைகொடுத்து வாங்கிய எண்ணெயை எரிக்கும் நிலை. இது சூரியனின் குற்றமா? கூரைக்காரரின் குற்றமா? இரண்டுமன்று. பகலில் மின்சாரத்தைப் பயன்கொள்ளும் ஆலைகளையும் புகைவண்டிகளையும் நீரிறைக்கும் திட்டங்களையும் வளர்க்காத ஒரு நூற்றாண்டின் கணக்கு, அந்த விடுமுறை நாட்களில் நம் முன் வைக்கப்பட்டது.

ஒரு வீட்டின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மண்டூரில் நாளொன்றுக்கு 3 அலகு பயன்படுத்தும் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். குளிர்சாதனப் பெட்டிக்கு 1 அலகு. அதில் பாதி பகலிலும் பாதி இரவிலும் செல்லும். மாலை விளக்கு, விசிறி, தொலைக்காட்சிக்கு 0.9. கிணற்று மோட்டருக்கு 0.4, சோறாக்கும் மின்பானைக்கு 0.4, துணி அழுத்துவதற்கு 0.3. கூரையில் 1 கிலோவாற்றுத் தகடு இருப்பின் நல்ல வெயில் நாளில் அது 4 அலகு வரை தரும். மோட்டரை விடியலிலும், மின்பானையை இரவிலும், அழுத்தியை மாலையிலும் இயக்கும் வழக்கப்படி, வெயிலில் நேரடியாகப் பயன்படுவது 0.5 அலகு மட்டுமே. ஏனைய 3.5 அலகும் வெளியே செல்லும். அம்மூன்று வேலைகளையும் நண்பகலுக்கு மாற்றினால் நேரடிப் பயன் 1.6 அலகாகும்; வீட்டுத் தேவையில் பாதிக்கு மேல் வெயிலாலேயே நிறைவேறும். எஞ்சிய 1.4 அலகைத் தரக்கூடிய பற்றறி ஒன்று இருந்தால் இரவும் நிறைவேறும். ஆக, தகட்டைப் பெருக்காமலே, பொழுதை மாற்றுவதால் மட்டும் பெறும் பயன் மூன்று மடங்காகிறது.

இக்கணக்கு எளிது. ஆனால் ‘பொழுதை மாற்று’ என்ற கட்டளை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைக் கேட்காமல் மேலே செல்லக் கூடாது. மின்பானையை ஏற்றுபவள் பெண். நீர் இறைப்பவள் பெண். துணி அழுத்துபவள் பெண். விடியலில் அவள் எழுவது அவளுடைய விருப்பத்தால் அன்று. ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் தன்னை வயலுக்கோ வேலைத்தலத்துக்கோ அனுப்ப வேண்டியிருப்பதால். நண்பகலில் வீட்டில் இல்லாதவளிடம் நண்பகலில் சமைக்கச் சொல்வது அறிவுரையாகாது. வலையமைப்பின் இடரைத் தீர்ப்பதற்குப் பெண்ணின் நாளை இன்னும் இறுக்கிக் கட்டும் திட்டத்தை நாம் ஏற்க முடியாது. தானே இயங்கி நிற்கும் சிறு நேரக்கருவி மோட்டரின் சுமையை அவளிடமிருந்து நீக்கலாம்; மற்றவற்றுக்கு வீட்டுக்கு வெளியே தீர்வு காண வேண்டும்.

விலையைக் கொண்டு பொழுதை மாற்றும் முயற்சி இங்கு முன்பும் நடந்தது. 2015இல் வீடுகளுக்கு அறிமுகமான நேரவாரிக் கட்டணம், மாலை உச்சத்துக்கு அலகு 54 ரூபா, பகலுக்கு 25 ரூபா, பின்னிரவுக்கு 13 ரூபா என வகுத்தது. அன்று பின்னிரவே மலிவு, பகல் அன்று. சூரியன் பெருகிய பின் அக்கணக்கு தலைகீழாக வேண்டியதாயிற்று. 2025இல், பற்றறியில் சேமித்து மாலை உச்சத்தில் தரும் கூரைகளுக்கு அலகுக்கு 45 ரூபா 80 சதம் என விலை குறிக்கப்பட்டது. பொழுதுக்கு விலையுண்டு என்று முதன்முறையாகக் கூரைகளின் கணக்கில் எழுதப்பட்டது நல்ல தொடக்கமே. எனினும் பற்றறி வாங்க வல்லவர் யார் என்ற பழைய வினா அங்கும் காத்து நிற்கிறது.

பிற நாடுகள் என் செய்கின்றன? இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட விதிகள், சூரியன் காயும் மணிகளில் மின்சார விலை வழக்கமான விலையிலும் குறைந்தது இருபது விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும் என்றன. குஜராத்தில் 2020இல் தொடங்கிய திட்டம் உழவரின் நீரிறைப்புக்குப் பகலிலேயே மின்சாரம் தர முற்பட்டது. அதற்கு முன் இரவில் வரும் மின்சாரத்துக்காகப் பாம்பும் தேளும் ஊரும் வரப்புகளில் உழவர் விழித்திருந்தனர். ஆஸ்திரேலிய அரசாங்கம் 2025 நவம்பரில் செய்த அறிவிப்பு இன்னும் கவனத்துக்குரியது. 2026 யூலை முதல் சில மாநிலங்களில், நண்பகலில் குறைந்தது மூன்று மணி நேர மின்சாரத்தை வீடுகளுக்கு இலவசமாகத் தருவது, அதுவும் கூரையில் தகடில்லாத வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் சேர்த்துத் தருவது என்பது அதன் கருத்து. முதலாளித்துவ நாடொன்றே நண்பகல் வெயிலைப் பொதுச்சொத்தாகக் கருதத் தலைப்படுகிறதென்றால், இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் கண்ட நம் நாடு ஏன் தயங்க வேண்டும்?

மண்டூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். அங்கு நெல் விளைகிறது. குத்தும் வேலையை நண்பகலில் நடத்தலாம். வாவியில் மீனும் இறாலும் கிடைக்கின்றன; அவற்றைக் கெடாமல் காக்கப் பனிக்கட்டி வேண்டும். நண்பகலில் உறையும் பனிக்கட்டி மாலையிலும் விடியலிலும் மீனவருக்குப் பயன்படும்; பனிக்கட்டியும் ஒருவகைப் பற்றறியே. குடிநீரை உயர்ந்த தொட்டிக்கு ஏற்றும் வேலையையும் மேட்டு நிலப் பயிருக்கு நீர் இறைக்கும் வேலையையும் பகலில் முடிக்கலாம். தொட்டியில் நிற்கும் நீரும் சேமித்த மின்சாரமே. இவற்றைத் தனியொருவர் தொடங்கினால் இலாபம் அவருடையதாகும். கூட்டுறவுச் சங்கம் தொடங்கினால் ஊருடையதாகும். பாடசாலை, கூட்டுறவுக் கடை, நெற்களஞ்சியம் ஆகியவற்றின் அகன்ற கூரைகளில் எழும் மின்சாரத்தில், சொந்தக் கூரையற்ற குடும்பத்துக்கும் ஒரு பங்கு எழுதி வைக்கலாம். ஊருக்குப் பொதுவான பெரும் பற்றறி ஒன்று, வீட்டுக்கு வீடு வாங்கும் பல சிறு பற்றறிகளிலும் சிக்கனமாக அமையக்கூடும்.

மாரிகாலத்தையும் மறக்கலாகாது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையின் வானத்தை மூடுகிறது. ஒரு நாள் மின்சாரத்தைக் காக்கும் பற்றறி மழை வாரத்தைத் தாண்டாது. அப்பொழுது மலைநாட்டு நீரும் மேற்குக் கரையின் காற்றும் கிழக்குக்கு வந்து சேர வேண்டும். கோடையில் கிழக்கின் வெயில் அங்கே செல்ல வேண்டும். நண்பகல் மிகுதியைக் கொண்டு கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கும் 600 மெகாவாற்றுத் திட்டம் ஒன்று மகா ஓயாவில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. இத்தகைய வேலைகள் தனிக் கூரையால் ஆகா. சந்தையின் கைக்கு விட்டாலும் ஆகா. பொதுவுடைமையான வலையமைப்பும் நெடுநோக்குடைய திட்டமும் வேண்டும். லக்சபானவுக்குக் காத்திருந்தது போல இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க நமக்குக் காலமில்லை.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நமது பாடநூல்கள் மின்சாரத்தின் அலகைக் கற்பிக்கின்றன, பொழுதைக் கற்பிப்பதில்லை. வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மானியைக் காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என நான்கு வேளை, ஒரு கிழமை பார்த்து எழுதி வரட்டும். நாற்பது வீடுகளின் எண்களைக் கரும்பலகையில் கோடாக வரைந்தால், ஊரின் நாள் கண்முன் எழும். எந்தக் கோடு எந்த வீட்டுக்குரியது, அவ்வீட்டில் பகலில் யார் இருக்கின்றனர், யார் எங்கே உழைக்கின்றனர், யாருடைய மாலை எட்டு மணிக்கே இருள்கிறது என்பவற்றை அம்மாணவர் தாமே வினவுவர். கணித பாடமாகத் தொடங்குவது சமுதாய வரலாறாக முடியும். அவ்வெண்களைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்திலும் பிரதேச சபையின் அமர்விலும் பேசுவோரை, புள்ளிவிவரம் இல்லை என்று கூறித் திருப்பி அனுப்ப எவராலும் இயலாது.

வெயில் எவருடைய தோட்டத்திலும் விளைந்ததன்று. அது மாடிவீட்டின் மேலும் கிடுகுக் குடிசையின் மேலும் ஒரே அளவிலேயே வீழ்கிறது. அதனை மின்சாரமாக்கும் தகடும், மாலை வரை காத்து வைக்கும் பற்றறியும், கொண்டுசெல்லும் கம்பியும் யாருடையவை என்பதிலேயே வேற்றுமை பிறக்கிறது. அவ்வேற்றுமை மனிதர் ஆக்கியது, மனிதரால் மாற்றத்தக்கது.